கூடவே நடந்த அடுப்பு

"அம்மா... அடுப்பும் நம்ம கூடவே நடந்து வருமா?"

சௌந்திரம் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. கொல்லிமலை அடிவாரத்தில், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், தலையில் மண்ணடுப்பும் இடுப்பில் விறகுக் கட்டுமாக நின்ற அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அம்மா பொன்னாத்தாள் சிரித்த சிரிப்பில் தலைச்சுமையே ஆடிப்போயிற்று.

"அடுப்புக்குக் கால் ஏது சாமி? நான்தான் அதுக்குக் கால்!"

அந்தக் கால்கள் ஓய்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன.

இப்போது, சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு ஸ்டவ் கடையின் தகரக் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றபோது, சௌந்திரத்துக்கு அந்தக் கேள்வி மறுபடி ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அதைக் கேட்டுக்கொண்டது அவளுடைய பயம்.

சிறு வயதில் அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்து பிழைப்பாளா மாட்டாளா என்று இருந்தபோது, அப்பாவும் அம்மாவும் கொல்லிமலை அறப்பளீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டார்கள். பிள்ளை பிழைத்தால் வருஷம் தவறாமல் ஆடிப் பதினெட்டுக்கு மலைக்கு நடந்தே வருகிறோம். ஏறி இறங்கும் வரைக்கும் எங்கள் அடுப்பு, எங்கள் கஞ்சி. பிறத்தியார் அடுப்பில் கை நனைக்க மாட்டோம் என்று. அவள் பிழைத்தாள். இப்போது புதுச்சத்திரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

அம்மா போன பிறகு அப்பா அவலும் வெல்லமும் நனைத்துத் தின்றே மலையேறினார். ஆனால் இந்த வருஷம் சித்திரையில் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். நாமக்கல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வயிறு காலியாகவே இருக்கக் கூடாது. அடிக்கடி சூடாகக் கஞ்சி. ஆறினது, பழையது, அவல் எதுவும் ஆகாது. வெறும் வயிற்றோடு இருந்தால் உள்ளே மறுபடி ரத்தம் கசியும்...

"அப்போ மலைக்குப் போறது?" என்று சௌந்திரம் கேட்டிருந்தாள்.

"போறது போறதுதான்," என்றார் அப்பா கந்தப்பன். "சாமிகிட்டச் சொன்ன சொல்லை டாக்டர்கிட்டக் கேட்டா சொன்னேன்?"

அவரைத் தடுக்க முடியாது. தனியே விடவும் முடியாது. மண்ணடுப்பைத் தூக்கிக்கொண்டு, அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வேண்டிவந்தால் அப்பாவையும் தாங்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் பாதையில் ஏற அவளிடம் அம்மாவின் பலம் இல்லை. ஆடி மழையில் விறகு வேறு பற்றாது.

கனமில்லாத ஒரு அடுப்பு வேண்டும். அப்பாவின் உயிர் அந்த அடுப்பில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

*

கடைக்காரர் கைலாசம் பலகை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"இது திரி ஸ்டவ்வு அம்மிணி. பத்துத் திரி. சத்தமில்லாம எரியும்."

அவள் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மண்ணெண்ணெய் தளும்பியது. "சாய்ச்சா ஊத்துமில்லீங்க? அரிசியோட ஒரே பையில போகணும்..."

"ஊத்தும். கஞ்சியும் மண்ணெண்ணெய் மணக்கும்." கைலாசம் ஒளிக்கவில்லை. "அப்போ இந்தப் பம்பு ஸ்டவ்வு பாருங்க. பித்தளை. ஜோரா எரியும்."

அதையும் தூக்கினாள். மணிக்கட்டு வலித்தது. பம்பு அடிக்க வேண்டும், அடைத்தால் பின்னூசியால் குத்த வேண்டும், காற்றடித்தால் தட்டி பிடிக்க வேண்டும்... மழையில் அப்பாவைப் பிடிப்பாளா, தட்டியைப் பிடிப்பாளா?

அப்போதுதான் அலமாரி மூலையில் அது கண்ணில் பட்டது. ஒரு சொம்பு உயரம்கூட இல்லை. நீல நிறத்தில் குண்டாக ஒரு தகர டப்பா. அதன் தலையில் சின்னதாக ஒரு பர்னர், பாத்திரம் வைக்க மூன்று கம்பிகள், திருகுவதற்கு ஒரு குமிழ்.

"அது என்னுங்க?"

"கேஸ் அடுப்பு அம்மிணி! ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவுல ஏலம் எடுத்த சாமானோட வந்துச்சு. மலையேறப் போற வெள்ளைக்காரங்க முதுகுப் பையில போட்டுட்டுப் போவாங்களாம்." கைலாசம் குமிழைத் திருகித் தீக்குச்சி காட்டினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். மயில் கழுத்தைப் போல நீலமாய் ஒரு வளையம்... புகையில்லை, வாசமில்லை. கைலாசம் அணைத்ததும் சௌந்திரம் டப்பாவை ஒரு கையால் எடுத்தாள். பூவைப்போல வந்தது.

அதே நேரம் இன்னொரு கை அதைப் பிடித்தது.

"இது நம்முளுதுங்க," என்றது ஒரு குரல்.

திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். மழையில் நனைந்த தலை. நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி இமையில் தொங்கியது. அந்த இமைக்குக் கீழே... சிரிக்கிற மாதிரியே இரண்டு கண்கள். சிரிக்காதபோதும் அவை அப்படித்தான் இருக்கும் போலிருந்தது.

"ஏனுங்க, நான் முதல்ல எடுத்தேன்," என்றாள் சௌந்திரம்.

"நான் போன வாரமே சொல்லி வெச்சேனுங்க. கேளுங்க அண்ணனை."

கைலாசம் தலையைச் சொறிந்தார். "ஆமாம் அம்மிணி. ஊசித் தம்பி சொல்லித்தான் வெச்சிருந்தாரு. பொண்ணைப் பார்த்ததும் மறந்துபோச்சு."

"ஊசியா?"

"மலைக் கிராமங்கள்ல குழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடறதுங்க நம்ம வேலை," என்றான் அவன். "ஊசியைக் கொதிக்க வெச்சுத்தானே போடணும்? மழைக்காலத்துல அங்க விறகு பத்தாது. தண்ணி கொதிக்கறதுக்குள்ள குழந்தைங்க அழுது ஓய்ஞ்சு, அம்மாமாருங்க தூக்கிட்டுப் போயிடறாங்க. இதுல இருக்கறது ஒரே டப்பாதான். தீர்ந்தா சேலத்துல கிடைக்காது. எங்க அண்ணன் லாரி பம்பாய் லைன்ல ஓடுது. அவர் கொண்டாந்து தருவாரு. வேற யாருக்கும் இது உதவாதுங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒரு மலை ஏறி இறங்கற வரைக்கும் இருந்தாப் போதும்னு பார்த்தேன்... பரவாயில்லைங்க. குழந்தைங்க காரியம். நீங்களே எடுத்துக்குங்க."

"எந்த மலை?"

அவள் படியிறங்கினாள். முன்பின் தெரியாத ஆளிடம் அப்பாவின் வயிற்றைப் பற்றி என்ன பேச்சு? மழை முகத்தில் அடித்தது. நல்லதாகப் போயிற்று. கண்ணீரும் மழையும் கலந்தால் யாருக்குத் தெரியும்...

"ஏனுங்க! டீச்சர்!"

அவன்தான். ஒரு மஞ்சள் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"டீச்சர்னு யார் சொன்னா?"

"விரல்ல சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்குதே." பையை நீட்டினான். உள்ளே அந்த அடுப்பு. "கைலாசம் அண்ணன் சொன்னாரு. வந்ததுமே அப்பாவுக்குன்னு சொல்லித்தான் கேட்டீங்களாம். கொண்டு போங்க."

"இரக்கப்பட்டுக் குடுக்கறதை வாங்கிப் பழக்கமில்லீங்க."

"இரக்கமா? கடனுங்க, டீச்சர்! ஆடி முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரோணும். கைலாசம் அண்ணன் கடையில குடுத்தாக்கூடப் போதும்." கண்கள் இப்போது நிஜமாகவே சிரித்தன. "தரலைன்னா பள்ளிக்கூடத்துக்கே ஊசியோட வந்துருவேன்."

"அதுவரைக்கும் உங்க குழந்தைங்க?"

"விறகை ஊதிக்கறேனுங்க. ஊதிப் பழக்கந்தான்."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, நனைந்த கண்ணாடி வழியே பார்த்தபோது அவன் மழையில் நின்றபடி கையை உயர்த்தினான். பேர்கூடக் கேட்கவில்லையே... மடியில் இருந்த அடுப்பு சில்லென்றிருந்தது. அவள் முகம் மட்டும் ஏனோ சுட்டது.

*

புறப்படுகிற நாள் காலை, சௌந்திரம் குளித்து ஈரத்தலையோடு அடுப்பைக் கழுவித் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். இரவல் அடுப்பானால் என்ன? சாமி காரியத்துக்குப் போகிற அடுப்பு. பொட்டில்லாமல் எப்படி அனுப்புவது?

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். பர்னரின் கழுத்தைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தன, நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாக. பொட்டு வைக்கவே போட்டது போல... ஒவ்வொரு துளையிலும் விரலால் அழுத்திச் சந்தனம் வைத்தாள். அதன் மேல் குங்குமம். நீல டப்பாவுக்குத் திருநாள் களை வந்துவிட்டது.

"உங்கம்மா இருந்தா இதைத்தான் செஞ்சிருப்பா சாமி," என்றார் அப்பா. இளைத்த முகத்தில் கண்கள் பளபளத்தன.

எரித்துப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம். டப்பாவுக்குள் எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. ஆட்டிப் பார்த்தால் லேசாகத் தளும்புகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்பாவின் உடம்பும் இப்போது அப்படித்தானே என்று நினைத்தவள், சட்டென்று அந்த நினைப்பை உதறினாள்.

*

மலைப் பாதையில் முதல் பாதி வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. கிளம்பும்போது வீட்டில் காய்ச்சிய கஞ்சி அப்பாவின் வயிற்றில் இருந்தது. கூட வந்த ஊர்க்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். அப்பாவின் நடைக்கு அவர்களால் காத்திருக்க முடியவில்லை.

பிறகு மழை பிடித்தது.

முதலில் தூறல். பிறகு மரங்களெல்லாம் ஒரே குரலில் பேசுவது போல ஒரு இரைச்சல். பாதை ஓடையாயிற்று. நல்லவேளை, வழியில் ஒரு பழைய கல்மண்டபம் இருந்தது. அப்பாவைத் தாங்கிக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் இருந்தது மழையா, வேர்வையா?

"வலிக்குதுங்களாப்பா?"

"ஒண்ணுமில்லை கண்ணு. லேசா எரியுது."

லேசா என்று அவர் சொன்னால் அது லேசாக இருக்காது. தூக்குப்போசியில் தண்ணீரும் குருணையும் போட்டாள். அடுப்பை வைத்தாள். குமிழைத் திருகித் தீக்குச்சி காட்டினாள்.

நீலம் வரவில்லை.

மஞ்சளாய் ஒரு சுடர் நீண்டு எழுந்தது. தள்ளாடியது. கரும்புகை கக்கிக்கொண்டு போசியின் அடியைக் கறுப்பாக்கியது. தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் குளிர்ந்தே கிடந்தது. ஒரு காற்று வந்தது... சுடர் அணைந்தது.

மறுபடி குச்சி. மறுபடி மஞ்சள். மறுபடி இருட்டு.

அடுத்த குச்சி ஈரத்தில் பிசுபிசுத்தது. அதற்கடுத்ததும் அப்படியே. பெட்டி முழுவதும் நமத்துவிட்டது.

"என்ன சாமி?"

"இதோ ஆச்சுங்கப்பா... இதோ..."

ஆகவில்லை. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். ஈஸ்வரா, என்னைப் பிழைக்க வைத்ததற்கு அப்பாவைக் கேட்காதே... அவளுக்குத் தெரிந்த வேண்டுதல் அவ்வளவுதான். பிறகு வேண்டுதல் கோபமாயிற்று. சிரிக்கிற கண்கள்! ஓட்டை அடுப்பென்று தெரிந்துதான் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தானா?

"யாருங்க உள்ள? அட... டீச்சர்!"

மண்டப வாசலில், தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு பையும் மருந்துப் பெட்டியுமாக அவன் நின்றான். சாமி கண்ணைத் திறக்கும்போது இப்படியா திறப்பார்? அவளுக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"வாங்க! நல்ல அடுப்பை என் தலையில கட்டினீங்க! இந்தாங்க, பாருங்க உங்க கேஸ் அடுப்பு லட்சணத்தை!"

"என்னுங்க ஆச்சு?"

"எரிய மாட்டேங்குது. புகையுது, அணையுது. எங்கப்பா வயித்தைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கிறாரு. கடன் குடுக்கற ஆளு நல்லதாப் பார்த்துக் குடுக்கோணும். இல்லைன்னா சும்மா இருக்கோணும்!"

அவன் பையை இறக்கி வைத்தான். முதலில் அப்பாவிடம் போய்க் கையைப் பிடித்து நாடி பார்த்தான். "பயப்படாதீங்க பெரியப்பா. வயிறு காலியா இருக்கறதுனால எரியுது. கஞ்சி குடிச்சா அடங்கிரும்." பிறகு அடுப்பை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

பார்த்தவன் ஒரு கணம் அப்படியே நின்றான். அந்தக் கண்களில் ஏதோ வந்து போயிற்று.

பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டி, மண்டபத்தின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். மருந்துப் பெட்டி திறக்கிற சத்தம். ஊசியால் எதையோ மெல்லச் சுரண்டுகிற சத்தம்.

"என்ன தம்பி கோளாறு?" என்று கேட்டார் அப்பா.

"மழை ஈரமுங்க பெரியப்பா. உள்ள பூந்துக்குச்சு. யார் மேலயும் தப்பில்லீங்க."

ஆனால் அந்த மழை மணத்துக்கும் மண் மணத்துக்கும் நடுவே, வேறொரு மணம் மெல்ல எழுந்து மண்டபத்தில் பரவியது...

சந்தனம்.

சௌந்திரம் எட்டிப் பார்த்தாள். அவன் காலடியில் கல்லின் மேல் மஞ்சள் துகள்கள் உதிர்ந்திருந்தன. காய்ந்து இறுகிய நான்கு உருண்டைகள், குங்குமத்தோடு. காற்றுப் போகிற துளைகளை அவளே அழுத்தி அடைத்திருக்கிறாள்! அடுப்பு மூச்சுவிட முடியாமல் திணறியிருக்கிறது. அப்பாவின் உயிரை வைத்து அவள் விளையாடியிருக்கிறாள். பழியை அவன் மேல் போட்டிருக்கிறாள்...

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அப்பாவுக்கு முன்னால் ஈரம் என்கிறான். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை அறப்பளீஸ்வரர் குற்றமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அவன் அடுப்பை அவள் முன்னால் வைத்தான். துகள்களைக் காலால் மெல்ல மழைக்குள் தள்ளிவிட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பத்த வைங்க தம்பி," என்ற அப்பா சட்டென்று நிறுத்தினார். வலியிலும் அவருக்கு வேண்டுதல் ஞாபகம் இருந்தது. "இல்லை... பிறத்தியார் அடுப்புல கை நனைக்கறதில்லைன்னு சாமிக்குச் சொல்லியிருக்கறோம். நீங்க பத்த வெச்சா..."

இப்போதுமா அப்பா?

அவன் யோசிக்கவே இல்லை. மெழுகுத்துணியில் சுற்றியிருந்த தீப்பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான். "நான் ஈரந்தான் துடைச்சேனுங்க பெரியப்பா. ஆடி முடியற வரைக்கும் அடுப்பு உங்களுது. தீ உங்க பொண்ணு வெக்கறது. நான் தொடலை."

அவள் குச்சியை உரசினாள்.

புஸ்... மயில் கழுத்து நீலம்!

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முணுமுணுத்தது, பிறகு பேசியது, பிறகு பொங்கியது. சௌந்திரம் கஞ்சியை ஆற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். ஒரு மிடறு... இன்னொரு மிடறு... கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"தம்பிக்கும் ஒரு டம்ளர் ஊத்து சாமி."

"வேண்டாமுங்க பெரியப்பா..."

"நாங்கதான் பிறத்தியார் அடுப்புல கை நனைக்கக் கூடாது. எங்க அடுப்புல நீங்க நனைக்கலாம். எந்த ஊருங்க?"

"மோகனூருங்க. கரும்புக் காட்டுச் சுப்பையன் மகன். மயில்சாமி."

மயில்சாமி... அவளுக்கு அந்த நீலச் சுடர் ஞாபகம் வந்தது. டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

மன்னிச்சிருங்க என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. வேறு வார்த்தைதான் வெளியே வந்தது. "உங்க ஊசி?"

"மேல ஊர்ல குழந்தைங்க காத்திருக்குதுங்க. போய்த்தான் கொதிக்க வெக்கோணும்."

"இதுலயே கொதிக்க வெச்சுக்குங்க. அடுப்பு சூடாத்தானே இருக்குது..."

"வேண்டாமுங்க டீச்சர். உள்ள எவ்வளவு மிச்சமிருக்குதுன்னு தெரியாது. நீங்க மலையேறி இறங்கோணும். அங்க விறகு இருக்குதுங்க."

"ஈர விறகு," என்றாள்.

"ஊதிப் பழக்கந்தான்," என்று சொல்லிவிட்டு, கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் போய்விட்டான்.

*

ஆகாச கங்கை அருவித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, அறப்பளீஸ்வரர் முன்னால் நின்றபோது அப்பா அழுதார். சௌந்திரமும் கைகூப்பி நின்றாள். ஆனால் கண்ணை மூடினால் கல்லின் மேல் உதிர்ந்த சந்தனத் துகள்தான் தெரிந்தது. நன்றி சொல்ல வந்த இடத்தில் நெஞ்சில் ஒரு முள்... அர்ச்சகர் கையில் கொடுத்த சந்தனப் பிரசாதத்தை இலையோடு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இறங்கும் வழியில், அதே கல்மண்டபத்தில், அவன் உட்கார்ந்திருந்தான்.

"மருந்து தீர்ந்துபோச்சுங்க. வாங்கிட்டுத் திரும்பவும் ஏறோணும்," என்றான். "அப்படியே பெரியப்பா மூட்டையை நான் எடுத்துட்டு வாரேன்."

கண்கள் சிவந்திருந்தன. ஈர விறகின் புகை அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டிருந்தது. அது அவளுக்கு ஆயிரம் திட்டு வாங்கியது போல இருந்தது.

அப்பா கோலூன்றி முன்னால் நடந்தார். மழை நின்று, இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

"குழந்தைங்க எல்லாருக்கும் போட்டாச்சுங்களா?"

"பாதிப் பேருக்குங்க. மிச்சப் பேரு காத்திருந்து போயிட்டாங்க. திரும்பப் போயிப் போடுவேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நின்றுவிட்டாள்.

"அந்தச் சந்தனம்... நான்தானுங்க வெச்சேன்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? அப்படித் திட்டினேனே உங்களை..."

"சாமிக்குன்னு வெச்ச பொட்டுங்க. அதைத் தப்புன்னு எப்படிச் சொல்றது?" அவன் மெதுவாகச் சொன்னான். "அதுவும் பெரியப்பா முன்னால? நீங்க பதறிட்டு இருந்தீங்க. அடுப்புக்கு மூச்சு முட்டுச்சு. எடுத்துவிட்டேன். உங்களுக்கு மூச்சு முட்டற மாதிரி ஒண்ணைச் சொல்லி என்னுங்க ஆகப்போகுது?"

அவள் கண்ணில் நீர் திரையிட்டது. இப்போது மறைத்துக்கொள்ள மழையும் இல்லை.

"மன்னிச்சிருங்க."

"மாட்டேனுங்க."

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சிரிக்கிற கண்கள்... ஆனால் இப்போது அவைதான் பயந்து கிடந்தன. மலைப் பாதையில் துள்ளி நடக்கிறவன், சமதரையில் தடுமாறினான்.

"அடுப்பை இப்பக் குடுத்துராதீங்க டீச்சர். கைலாசம் அண்ணன் கடையிலயும் குடுக்க வேண்டாம். உங்ககிட்டயே இருக்கட்டும். நான்... நான் உங்க ஊட்டுக்கே வந்து வாங்கிக்கறேன். எங்க அப்பாவைக் கூட்டிட்டு வாரேன். ஒரு அடுப்பை வாங்க ரெண்டு பேரு வர வேண்டியதில்லைதான்... இருந்தாலும் வாரேன். மண்டபத்துல கஞ்சி குடிச்சதுல இருந்து வேற நினைப்பே இல்லீங்க."

எங்கோ ஒரு குருவி கூவியது. அவள் நெஞ்சு அதைவிடச் சத்தமாக அடித்துக்கொண்டது. தரையைப் பார்த்தாள். கால்விரல் ஈரமண்ணில் தானாக எதையோ கிழித்துக்கொண்டிருந்தது.

"அடுப்புச் சாக்கு எதுக்குங்க?" என்றாள், காற்றுக்கே கேட்காத குரலில். "சும்மாவே வாங்க."

"என்னுங்க சொன்னீங்க?"

"போங்க... ஒரு தரந்தான் சொல்லுவேன்."

முன்னால் போன அப்பா திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏனுங்க தம்பி, எந்தக் கரும்புக் காட்டுச் சுப்பையன்? கவுண்டம்பட்டிச் சந்தையில ஒரு ஜோடி மாட்டுக்கு என்கூட மல்லுக்கு நின்னாரே, அவரா?"

"அவரேதானுங்க பெரியப்பா!"

"அடடே! அப்போ வரச் சொல்லுங்க. அந்த மாட்டுக் கதை இன்னும் பாக்கி இருக்குது!"

*

அடிவாரத்து டீக்கடையில் கூட்டமே இல்லை. அப்பா பெஞ்சில் உட்கார்ந்தபடியே அயர்ந்து கண்ணை மூடிவிட்டார். அவள் கடைசியாகக் காய்ச்சிக் கொடுத்த கஞ்சி அவர் வயிற்றில் இருந்தது. இனி பஸ் ஏறினால் வீடு. வீட்டில் அவளுடைய அடுப்பு காத்திருக்கிறது. கடைக்காரர் பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். மயில்சாமி பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டு வளைவுக்குப் போயிருந்தான். அவனுடைய பை பெஞ்சின் ஓரத்தில் தொங்கியது.

ஆடி முடியவில்லை. மலை மேல் மழை இன்னும் கறுத்து நின்றது. அந்த மழைக்குள் எங்கோ குழந்தைகள், ஈர விறகு, அழுது ஓய்கிற சத்தம்...

சௌந்திரம் மூட்டையிலிருந்து அடுப்பை எடுத்தாள். முந்தானையால் கரியைத் துடைத்தாள். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். இன்னும் தளும்பியது.

பிறகு முடிச்சை அவிழ்த்து, கோவில் சந்தனத்தை எடுத்தாள். டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தில், எந்தத் துளைக்கும் எட்டாத இடத்தில், ஒரே ஒரு பொட்டு வைத்தாள். காயும்வரை ஊதினாள்.

அவன் பையைத் திறந்து, துணிக்கு அடியில் ஆழமாக அடுப்பை வைத்தாள். மூடினாள். வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வளைவில் அவன் கையசைத்தான். பஸ் வந்துகொண்டிருந்தது.